கம்பிப் பாதையில் ஒரு சவுக்கு மரம்

டெலிபோன் கம்பிக்குக் கீழே பச்சையாக எதுவும் நிற்கக் கூடாது. எங்கள் கேங்கில் எனக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்தது அதுதான். கிளை உரசினால் பேச்சு கரகரக்கும், மரம் சாய்ந்தால் கம்பி அறும், ஆகவே வெட்டு. கிளையை மட்டும் வெட்டினால் மறுவருஷமும் மலை ஏறி வர வேண்டும். அடியோடு சாய்த்துவிட்டால் வர வேண்டியதில்லை. இந்த நியாயம் எங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது. கந்தப்பளைக்கு மேலேயுள்ள தேயிலை மலைகளில் கம்பி போன வழியெல்லாம், தலையில் சவரக்கத்தியால் இழுத்த கோடு மாதிரி ஒரு வெற்றுப் பாதை கிடக்கும். தூரத்திலிருந்து பார்த்து, எவ்வளவு நேராக வெட்டியிருக்கிறோம் என்று பெருமைப்பட்டுக்கொள்வோம்.

நான் அந்தக் கேங்கில் தற்காலிக வேலையாள். எழுபதுகளின் தொடக்கத்தில் சேர்ந்தவன், எண்பதுகளிலும் தற்காலிகமாகவே இருந்தேன். அவ்வளவு உறுதியான தற்காலிகத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. குடியிருந்தது தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில். மனைவி தோட்டத்தில் கொழுந்து எடுத்ததால் காம்பரா என்கிற எங்கள் ஒற்றை அறை அவள் பேரில் இருந்தது. அவள் காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும் நேரத்தில் நான் குழி தோண்டும் அலவாங்கைத் தோளில் வைத்துக்கொண்டு கேங் நிற்கும் இடத்துக்குப் போவேன்.

வெட்டின மரத்தைக் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு வருவது வழக்கம். மிஞ்சின கம்பித் துண்டு, உடைந்த பீங்கான், தீர்ந்துபோன பெட்டரி எல்லாமும் அப்படித்தான். பெட்டரியை ஓடையில் எறிந்தால் ‘டொபுக்’ என்று நல்ல சத்தம் வரும், அதற்காகவே எறிந்தவர்கள் உண்டு. லயத்து மாடுகள் புல்லோடு சேர்த்துக் கட்டுக்கம்பித் துண்டுகளைத் தின்று இளைத்து இளைத்துச் செத்தன. கண்ணேறு பட்டுவிட்டது என்று ஜனங்கள் மிளகாய் சுற்றிப் போட்டார்கள். ஒருமுறை செத்த மாடு ஒன்றை அறுத்துப் பார்த்தபோது அதன் வயிற்றில் எங்கள் கம்பி இருந்தது. செம்பு கறுக்காமல் மினுமினுவென்று இருந்தது. நான்தான் அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அப்போதும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

எனக்கு ஒன்றும் தோன்றாமல் போனது அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. மாவு கிடைக்காத, ரொட்டி கிடைக்காத அந்த வருஷங்களில் எங்கள் பெண் குழந்தை செத்துப்போனது. அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்தாள். வயிற்றுப்போக்கு. தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு போத்தல் தண்ணீர் மருந்து கொடுத்தார்கள். மறுநாள் மருந்து பாதி மிஞ்சியிருந்தது, பிள்ளை இல்லை. அந்த மாதம் லயத்துக்கு லயம் சின்னப் பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். ஆகையால் எங்கள் சாவு பெரிய விஷயமாக இல்லை. சின்னப் பிள்ளைக்குப் பாடை கிடையாது. நான் சீலையில் சுற்றிக் கையில் தூக்கிக்கொண்டு போனேன். நல்ல மழை. குழி ஏற்கெனவே வெட்டியிருந்தார்கள். பக்கத்தில் அதே மாதிரி புதுக் குழிகளும், மூடின குழிகளும் கிடந்தன.

எங்களிடையே பெண்கள் சுடுகாட்டுக்கோ இடுகாட்டுக்கோ வருவதில்லை. மனைவி லயத்து வாசலோடு நின்றுவிட்டாள். மூன்றாம் நாள் பால் தெளிக்கவும் ஆண்கள்தான் போக வேண்டும். அந்தப் பேச்சை அவள் கேட்கவில்லை. தோட்டத்து நாற்று மேடையிலிருந்து ஒரு சவுக்குக் கன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மம்பட்டியை எடுத்துக்கொண்டு என்னோடு வந்தாள். தேயிலைக்குக் காற்றுத் தடுப்பாக மலைமேல் வரிசையாக வைப்பார்களே, அந்தச் சவுக்கு. ஏழைகளின் குழிக்குக் கல் வைக்க முடியாது, மரம் வைத்தால் இடம் தெரியும் என்றாள். மழை எல்லா மேடுகளையும் ஒன்றாகக் கரைத்திருந்தது. “எங்க?” என்றாள். நான் கையைக் காட்டினேன். காட்டிவிட்டு ரோட்டோரத்தில் போய் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றேன். அவள் நட்டுவிட்டு வந்து, “போவோம்” என்றாள்.

அதற்குப் பிறகு வருஷாவருஷம் அந்தத் தேதியில் ஒரு போத்தலில் பால் எடுத்துக்கொண்டு போய் மரத்தடியில் ஊற்றிவிட்டு வருவாள். அவள் போகக் கூடாது என்று லயத்தில் சிலர் முணுமுணுத்தார்கள், அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சில வருஷம் நானும் கூடப் போனேன். மரம் கிடுகிடுவென்று வளர்ந்தது. இடுகாட்டின் கீழ்க்கோடியில், வண்டிப் பாதை வளைகிற இடத்தில் அது தனியாக நின்றது. எங்கள் டெலிபோன் கம்பி மேலே மலை முகட்டோடு போனதால் அந்த மரத்துக்கு எங்களால் ஆபத்து இல்லை. பிறகு எங்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை. அதனால் மனைவிக்குப் பிள்ளை என்று காட்ட இருந்தது அந்த மரம் ஒன்றுதான். இதை அவள் வாயால் சொன்னதில்லை. எனக்குத் தெரியும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு மாரியில் முகட்டுக்குக் கீழே மண் சரிந்தது. நாங்கள் மொட்டையடித்த பாதை அப்படியே வழுக்கிக்கொண்டு வந்தது. எங்கள் கம்பங்கள் தீப்பெட்டிக் குச்சி மாதிரி புரண்டு கிடந்தன. ஆள் சேதம் இல்லை. ஆனால் லயத்துப் பீலிக்குத் தண்ணீர் வந்த ஊற்று சேற்றுக்கு அடியில் போய்விட்டது. பிறகு வெகுநாள் பீலியில் தேநீர் நிறத்தில் தண்ணீர் வந்தது. பெண்கள் குடத்தில் பிடித்து, துணியில் வடிகட்டி, தெளியட்டும் என்று காத்திருந்து, அப்புறம் உலை வைத்தார்கள். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த களைப்பில் மனைவி குடத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பேன். சரிவுக்குக் காரணம் மழை என்றார்கள். நாங்களும் மழை என்றோம்.

அந்தச் சரிவைப் பார்க்க வந்தவர்தான் புதிய அதிகாரி, எங்கள் வாயில் மாத்தயா. சிங்களவர், இளைஞர், முழங்கால்வரை பூட்ஸ், கையில் குடை. அட்டை கடிக்காமலிருக்கக் காலில் சவுக்காரம் தடவிக்கொண்டு அவர் மலையேறின அழகைப் பார்த்துக் கேங்கில் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அவர் சரிந்த இடத்தில் வெகுநேரம் நின்றார். வெட்டப்பட்டு உளுத்துப்போன அடிக்கட்டைகளைக் குடை நுனியால் தட்டித் தட்டிப் பார்த்தார். வேர் செத்தபின் மண்ணை யார் பிடித்துக்கொள்வது என்று சிங்களத்தில் கேட்டார். அது எங்களிடம் கேட்ட கேள்வி என்றே எங்களுக்குப் புரியவில்லை.

மறுவாரத்திலிருந்து எங்கள் பிழைப்பு மாறியது. மரத்தை அடியோடு வெட்ட யாராவது கத்தியை ஓங்கினால் “எப்பா, எப்பா” என்று ஓடி வருவார், வெட்டாதே என்று. கம்பியைத் தொடுகிற கிளையை மட்டும் கழிக்க வேண்டும். ஆளுக்கொரு சாக்கு கொடுத்து, கம்பித் துண்டு ஒன்றுகூடப் புல்லில் கிடக்கக் கூடாது என்றார். சாயங்காலம் சாக்கைத் தானே கொட்டிப் பார்ப்பார். தீர்ந்த பெட்டரிகளைத் திரும்பவும் டவுன் ஸ்டோருக்கே தூக்கிக்கொண்டு போகச் சொன்னபோது கேங் கங்காணிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. “மரத்துக்குப் பொறந்த மாத்தயாவா இருப்பாரு போல. குப்பையத் தூக்கத்தான் கவுருமெண்டு நம்மள வெச்சிருக்கு” என்று வண்டிப் பாதை முழுக்க ஏசிக்கொண்டு வந்தார். அடி உளுத்த கம்பத்தைப் புதுசாக மாற்றுவதை விட்டு, உளுத்ததை அறுத்து எறிந்துவிட்டு, மிச்சத்தைக் குட்டைக் கம்பமாகத் திரும்ப நட்டோம். ஒரு கம்பத்துக்காகக் காட்டில் ஒரு மரம் மிச்சம் என்றார். அவர் சொன்னதெல்லாம் சரிதான் என்று எனக்குத் தெரிந்தது. சரி என்று தெரிவதற்கும் சந்தோஷப்படுவதற்கும் நடுவில் ஏதோ ஒன்று எனக்கு அறுந்துபோயிருந்தது. சொன்னதைச் செய்தேன்.

பிறகு கம்பிப் பாதையையே மாற்றப் போகிறோம் என்றார். ஊற்றுக்கு மேலே இனி கம்பி போகாது, அந்தச் சரிவைக் காட்டுக்கே விட்டுவிடலாம், மரம் தானாக முளைக்கட்டும். கம்பியை வண்டிப் பாதையோரமாகக் கீழே கொண்டுபோனால் ஏற்கெனவே வெட்டவெளி, புதிதாக வெட்ட வேண்டியது மிகக் கொஞ்சம். நானும் அவரும் சுண்ணாம்புத் தகரத்தோடு பாதையில் நடந்து, கம்பம் நட வேண்டிய இடங்களுக்கு அடையாளம் வைத்துக்கொண்டே வந்தோம். பாதை இடுகாட்டுப் பக்கம் வளைந்தது. ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம். வளைவில் கம்பம் நட இருந்த இடத்தில் எங்கள் சவுக்கு நின்றது.

அவர் சுண்ணாம்பை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. “மாத்தயா, இது எங்க புள்ளையோட குழி” என்று அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு அங்கும் இங்கும் நடந்தார், குடையை நீட்டி நோட்டம் பார்த்தார், பள்ளத்தை எட்டிப் பார்த்தார். மெனக்கெட்டுத்தான் பார்த்தார், அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். வளைவில் கம்பம் இல்லாவிட்டால் கம்பி நிற்காது. இந்த இடத்தைத் தவிர்க்க வேண்டுமென்றால் பழையபடி கம்பியை மேலே ஏற்றி, ஊற்றுக்குப் பக்கத்தில் மிஞ்சியிருக்கும் மரங்களை வெட்டித்தான் கொண்டுபோக வேண்டும். அதை எனக்குப் புரியும்படி இரண்டு தரம் சொன்னார். “நீ சொன்னால் மேலேயே போகலாம். வீட்டில் கேட்டுக்கொண்டு வா” என்றார். என் உத்தியோக வாழ்க்கையில் ஓர் அதிகாரி என்னிடம் அபிப்பிராயம் கேட்டது அந்த ஒரு தடவைதான், அதுவும் இந்த விஷயத்துக்கு.

அன்று சாயங்காலம் மனைவி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். நான் வாசல்படியில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன்.

“நம்ம மரத்த விட்டா எத வெட்டுவாங்க?”

“ஊத்துக்கு மேல இருக்கறத.”

அவள் தட்டில் கிடந்த ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். “அங்க வெட்டித்தானே இவ்வளவு நாளாச் சேத்துத் தண்ணி குடிச்சோம். லயத்துல இன்னும் புள்ளைங்க இருக்குதுங்க. நம்மளத வெட்டச் சொல்லுங்க.”

“கம்பமும் அங்கதான் நடணும். குழி தோண்டணும்” என்றேன். அதைச் சொல்வதற்குத்தான் நான் பயந்துகொண்டு வந்தேன். மரம் போனால் போகட்டும். ஐந்தடி தோண்டும்போது மண்ணில் என்ன வரும் என்பதுதான் என் பயம்.

அவள் கை ரொட்டி மேல் அப்படியே நின்றது. ரொட்டி தீய்கிற மணம் வந்த பிறகுதான் எடுத்தாள். “நீங்களே தோண்டுங்க” என்றாள். “வேற ஆளு கைவெக்க வேணாம்.”

மரத்தை வெட்டின அன்று கேங் கங்காணி ஏசவில்லை. சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு, “தம்பி, நீ அங்கிட்டுப் போயி நில்லு” என்றார். நான் போகவில்லை. சவுக்கு மெல்லிய மரம், சீக்கிரம் விழுந்தது. அதை விறகுக்கு எடுக்க யாரும் வரவில்லை. இடுகாட்டு மரம் அடுப்புக்கு ஆகாது. பள்ளத்துப் பக்கம் உருட்டிவிடலாமா என்று கங்காணி கேட்க, சரிவில் குறுக்காகப் போட்டால் மண்ணைத் தடுக்கும் என்று அதிகாரி சொல்லி, அப்படியே போட்டார்கள். வழக்கமாக விழுந்த மரத்தின்மேல் உட்கார்ந்து வெற்றிலை போடுவோம். அன்று யாரும் உட்காரவில்லை.

பிறகு நான் தோண்ட ஆரம்பித்தேன். அடிக்கட்டைக்குப் பக்கத்தில், ஒரு கை அளவு தள்ளி. மற்றவர்கள் பாதைக்குப் போய் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். மேலே வேரும் கறுப்பு மண்ணும். அதை மெல்ல மெல்லக் கையால் அள்ளி வெளியே வைத்தேன், எலும்பு ஏதும் இருந்தால் அலவாங்கு பட்டுவிடக் கூடாது என்று. கறுப்பு மண்ணுக்குக் கீழே மஞ்சள் மண் வந்தது. அதற்குக் கீழே வெள்ளைப் பருக்கை கலந்த சிவப்பு. அலவாங்கு இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது. குத்தினேன். கல்லில் குத்துகிற மாதிரி ‘ணங்’கென்றது.

வயிற்றுப்பாட்டுக்குக் குழி தோண்டுகிறவன் நான். ஒரு தடவை தோண்டி மூடின மண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கறுப்பும் மஞ்சளும் சிவப்பும் கலந்து கிடக்கும். எத்தனை வருஷமானாலும் அது பிரிந்து பழைய அடுக்குக்குப் போகாது. இங்கே அடுக்குகள் கோடு போட்ட மாதிரி இருந்தன. ஆண்டவன் வைத்தபடியே இருந்த மண். மரத்துக்கு அந்தப் பக்கமும் அலவாங்கை இறக்கிப் பார்த்தேன், இந்தப் பக்கமும் பார்த்தேன். எல்லாம் கெட்டி. என் பிள்ளை அங்கே இல்லை. ஒருபோதும் இருந்ததில்லை.

“என்ன தம்பி?” என்று கங்காணி பாதையிலிருந்து கூப்பிட்டார்.

“ஒன்னுமில்லங்க.”

“ஒன்னுமில்லன்னா நல்லதுதானே. சாமி காப்பாத்திருச்சு” என்றார். அவர் வேறு அர்த்தத்தில் சொன்னார்.

நான் குழிக்குள் நின்றபடியே மேலே பார்த்தேன். சரிவு முழுக்க மானாப்புல் இடுப்பளவுக்கு வளர்ந்து கிடந்தது. ஒரு மேடும் தெரியவில்லை. அதில் எங்கோ ஓர் இடத்தில் அவள் இருந்தாள். காற்றில் புல் சாய்ந்து எழுந்தது. நான் மிச்சத்தையும் தோண்டி முடித்தேன். கம்பத்தைத் தூக்கி நிறுத்தி, கம்பியை இழுத்துக் கட்டினார்கள். அதிகாரி கம்பத்தின் அடியில் நின்று சோதனைக்குக் கொண்டுவந்த டெலிபோனைக் கம்பியில் மாட்டி டவுனோடு பேசிப் பார்த்தார். பேச்சு நன்றாகத் தெளிவாக இருக்கிறது என்று எல்லோரிடமும் சொன்னார். என்னிடம் வந்து தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்குப் போகிற வழியில் சொல்லாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். வருஷாவருஷம் பால் கொண்டுபோனவள். யாரும் இல்லாத மண்ணுக்கு ஊற்றினாய் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? ஆனால் பொய்யை வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்கிற தெம்பும் எனக்கு இல்லை. அவள் பீலியிலிருந்து குடத்தோடு வந்து இறக்கி வைக்கும்வரை காத்திருந்தேன்.

“அவ அங்க இல்ல” என்றேன்.

அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“கம்பத்துக்கு வேண்டிய ஆழம் மட்டும் தோண்டுனேன். யாரும் ஒருநாளும் தோண்டாத மண்ணு. அன்னைக்கு நான் எடத்தத் தப்பாக் காட்டிட்டேன்.”

ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். இத்தனை வருஷம் என்னை ஏன் முட்டாளாக்கினாய் என்று கேட்பாள், தலையில் அடித்துக்கொண்டு அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“தெரியும்” என்றாள்.

“என்ன தெரியும்?”

“கன்னு வெக்கப் போனப்பவே தெரியும். மூணு நாளைக்கு முந்தி மூடுன குழின்னா கையாலயே மண்ணத் தள்ளியிருக்கலாம்ல. மம்பட்டியே எறங்கலிங்க எனக்கு. கொத்திக் கொத்திக் கை கொப்பளிச்சுப்போச்சு.”

“அப்பவே சொல்றதுதானே.”

“என்னத்தச் சொல்றது? நீங்க நின்ன நெலைய நான் பாத்தேன்ல. அங்க இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த மேட்டப் பூராவும் தோண்டிப்புட்டுத்தான் வந்திருப்பீங்க. புள்ளையத்தான் குடுத்தாச்சு, உங்களையும் அங்க விட்டுட்டு வரவா?”

“அப்பறம் எதுக்கு இத்தன வருசம் அங்க பால் கொண்டுபோன?”

அவள் இதற்கு யோசிக்கவே இல்லை. “நீங்க காட்டுன எடமாச்சே” என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. பிள்ளை செத்த அன்றும் வராத, குழியில் நின்றபோதும் வராத அழுகை. பிள்ளைக்காக அழுதேன் என்று சொன்னால் அது பொய். அவள் என்னைத் தடுக்கவில்லை. அடுப்பில் விறகைத் தள்ளி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.